கடலில் வீணாகிறது என்று எழுதும் முன்: வைப்பாற்றுப் படுகை விவசாய சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கேரளத்தின் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளை நம் வைப்பாற்றோடு இணைக்கும் திட்டத்தை விரைந்து நிறைவேற்றக் கோரி நம் சங்கங்கள் தயாரித்திருக்கும் மனுவின் நகல் கையெழுத்துக்காக என்னிடமும் வந்தது. மனுவின் இரண்டாம் பத்தியில், "கேரளக் கடலில் ஆண்டுதோறும் வீணாகக் கலக்கும் உபரி நீர்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைத் தாண்டி என்னால் கையெழுத்திட முடியவில்லை. காரணத்தை ஊர்க் கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியாது என்பதால், அனைவரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

தண்ணீர் வேண்டாம் என்று சொல்பவன் அல்லன் நான். புரட்டாசியில் முதல் மழை இறங்கியவுடன் கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் ஊன்றி, ஐப்பசி கார்த்திகையில் வானம் கைவிட்டால் போட்ட விதைக்கும் உரத்துக்கும் வட்டி கட்டும் மானாவாரி விவசாயிதான் நானும். எங்கள் கண்மாய் மறுகால் பாய்ந்து பார்த்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995-இல் கொடுத்த சாத்தியக்கூறு அறிக்கையில், 634 மில்லியன் கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 டி.எம்.சி. தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே கொண்டுவந்து, திருநெல்வேலி, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் 91,400 ஹெக்டேருக்குப் பாய்ச்சலாம் என்று எழுதப்பட்டபோது, அதைப் படித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த ஆறுகளின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்ற எண்ணமே அன்று எனக்கு வரவில்லை.

மறுமுனையைப் பார்க்க நேர்ந்தது தற்செயலாகத்தான். என் சித்தப்பா மகன் நெல் அறுவடை இயந்திரம் வைத்திருக்கிறான். பங்குனி மாதத்தில், அந்த ஆறுகள் போய்ச் சேரும் கேரளத்துக் குட்டநாட்டில் அறுப்பு தொடங்கும்போது தமிழ்நாட்டிலிருந்து பெல்ட் மிஷின்கள் லாரியேறிப் போவது நம்மில் பலருக்குத் தெரியும். சேற்றில் டயர் வண்டி இறங்காது என்பதால் அங்கே பெல்ட் வண்டிக்குத்தான் கிராக்கி. ஒருமுறை துணைக்கு ஆள் இல்லையென்று என்னையும் அழைத்துக்கொண்டு போனான். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலை இறங்கிப் புனலூர் தாண்டிய பிறகு, பந்தளத்தில் அச்சன்கோவில் ஆற்றையும், செங்கன்னூர் அருகே பம்பையையும், திருவல்லைக்கு முன்னால் மணிமலை ஆற்றையும் அடுத்தடுத்துக் கடந்தோம். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று ஆறுகள்! பங்குனி வெயிலிலும் மூன்றிலும் தண்ணீர் இருந்தது. "இதைத்தான் வீணாக்குகிறார்கள்" என்று லாரிக்குள் இருந்தபடி நான் சொன்னது நினைவிருக்கிறது.

சங்கனாசேரியிலிருந்து ஆலப்புழைச் சாலையில் இறங்கி, ஜங்கார் என்று அவர்கள் சொல்லும் தட்டைப் படகில் இயந்திரத்தை ஏற்றி, காயல் என்னும் உப்பங்கழியிலிருந்து மீட்ட ஒரு நிலத்தின் கரையில் கொண்டுபோய் இறக்கினார்கள். வயலுக்குள் இறங்கி நின்று திரும்பிப் பார்த்தேன். சற்று முன் நாங்கள் வந்த வாய்க்காலில் வேறொரு படகு போய்க்கொண்டிருந்தது. அது என் தலைக்கு மேலே போனது. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மட்டம் உயரத்தில், இந்தப் பக்கம் முற்றிய நெல் பள்ளத்தில். கடல்மட்டத்துக்குக் கீழே 0.6 மீட்டர் முதல் 2.2 மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கும் வயல்கள் அவை. கண்மாயின் உள்வாய்க்குள், அதாவது தண்ணீர் நிற்கும் பகுதிக்குள், இறங்கி விவசாயம் செய்து, தண்ணீரை வெளியே நிறுத்தி வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டால் ஓரளவு விளங்கும்.

ஐந்து நாள்கள் அங்கே இருந்தோம். வந்த பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அந்த நிலத்தின் வரலாற்றைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் வீண் என்ற சொல் அந்த வரலாற்றோடு பொருந்தவில்லை.

பெயரே நமக்குப் பழக்கமானதுதான். குட்டம் என்றால் ஆழம், குளம். கொடுந்தமிழ் வழங்கிய பன்னிரு நிலங்களுள் ஒன்றாகக் குட்டநாட்டைப் பழைய உரைகாரர்கள் எண்ணினார்கள். சேர மன்னர்களுக்குக் குட்டுவன் என்ற பெயர் வந்ததும் அதனால்தான். மீனச்சில், மணிமலை, பம்பை, அச்சன்கோவில் ஆகிய ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவந்த வண்டலை வேம்பநாட்டுக் காயலின் தென்பகுதியில் கொட்டிக் கொட்டி எழுப்பிய சதுப்புச் சமவெளி அது. காயலின் அடியில் இன்றும் வெண்சிப்பிப் படிவங்களை வாரி எடுக்கிறார்கள் என்பதிலிருந்தே உப்புநீர் அங்கே எவ்வளவு காலம் நின்றிருக்கிறது என்பதை அறியலாம். இன்றைய ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்களில் ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு அது விரிந்து கிடக்கிறது.

அங்குள்ள நெல் நிலங்களை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார்கள். ஆற்று வண்டல் படிந்த கரப்பாடம் ஏறத்தாழ 33,000 ஹெக்டேர். காயலிலிருந்தே மீட்ட காயல் நிலம் 13,000 ஹெக்டேர். கரி நிலம் 9,000 ஹெக்டேர். கரி என்றவுடன் நம் கரிசலை நினைத்துவிட வேண்டாம். அது மக்கிய மரமும் இலையும் சேர்ந்த கறுப்புச் சதுப்பு. உழும்போது முழு மரத்துண்டுகளே கொழுவில் தட்டும். அந்த மண்ணில் கந்தகம் கலந்திருக்கிறது. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை சாதுவாகக் கிடக்கும், காய்ந்து காற்றுப் பட்டால் அமிலமாக மாறி நெல்லின் வேரைத் தின்றுவிடும். எனவே கரி நிலத்தில் நன்னீரை விட்டு, வடித்து, மறுபடி விட்டு மண்ணைக் கழுவுகிறார்கள், சுண்ணாம்பும் போடுகிறார்கள். ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடினால்தான் அந்தக் கழுவல் நடக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சொல் என்னைத் தடுமாற வைத்தது. அங்கே முதன்மையான நெற்போகத்துக்குப் புஞ்சை என்று பெயர். நமக்குப் புஞ்சை என்றால் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். அவர்களுக்கோ மழைக்காலம் முழுவதும் ஓராள் ஆழத்துக்கு மூழ்கிக் கிடந்து, ஐப்பசியில் தண்ணீரை இறைத்து வெளியேற்றிய பிறகு முளைகட்டிய நெல்லைச் சேற்றில் வீசி, பங்குனியில் அறுக்கிற போகம். நாம் தண்ணீரை உள்ளே கொண்டுவரப் பாடுபடுகிறோம், அவர்கள் வெளியே தள்ளப் பாடுபடுகிறார்கள். சொல் ஒன்றுதான்.

காயலைக் கரையிட்டு நிலமாக்கும் வேலை 1830-களில் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். 1865-இல் திருவிதாங்கூர் அரசு குத்தகைதாரருக்கு நிலத்தின்மீது உரிமை வழங்கியதும், பிறகு கடனும் வரிச்சலுகையும் கொடுத்ததும் அந்த வேலையை வேகப்படுத்தின. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தடங்கல் வந்தது: காயலைச் சுருக்கினால் கொச்சித் துறைமுகத்தின் முகத்துவாரம் தூர்ந்துபோகும் என்று சென்னை மாகாண அரசு கவலைப்பட்டதால் சில ஆண்டுகள் தடை விதிக்கப்பட்டது. 1912 வாக்கில் தடை நீங்கியதும், ஏ பிளாக், சி பிளாக், ஆர் பிளாக் என்று ஆங்கில எழுத்துகளையே பெயராகச் சூட்டி வரிசையாகக் காயல் நிலங்கள் எழும்பின. (துறைமுகத்துக்காக அன்று அந்த அரசு கவலைப்பட்டதில் ஒரு பொருள் இருந்தது: கீழே செய்யும் வேலை மேலேயும், மேலே செய்யும் வேலை கீழேயும் போய்த் தாக்கும். நமக்கு அது இன்றுவரை பிடிபடவில்லை.)

மூன்றாம் கட்டம் பசியால் வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனவுடன் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. திருவிதாங்கூரில் அரிசிப் பஞ்சம் தலைவிரித்தாடிய அந்த ஆண்டுகளில், ஜோசப் முரிக்கன் என்ற பெருவிவசாயி சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று அரச குடும்பத்தின் பெயர்களைச் சூட்டிய மூன்று காயல்களை மீட்டார். மூன்றும் சேர்த்து 2,000 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. காயல் ராஜா என்றே அவரை அழைத்தார்கள்.

ராஜாவின் பெயர் நிலைத்துவிட்டது. கரை போட்டவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. அந்தக் கரையை எப்படிப் போட்டார்கள் என்று ஒரு பெரியவர் எனக்கு விளக்கினார். தென்னை மரங்களை இரண்டு வரிசையாகக் காயலின் அடியில் அறைந்து இறக்குவார்கள். வரிசையின் உட்பக்கம் மூங்கில் தட்டிகளைக் கட்டுவார்கள். இடையில் மணலையும் மரக்கிளைகளையும் நிரப்பி, மேலே களிமண் கட்டிகளை அடுக்குவார்கள். அந்தக் களிமண் வேறெங்கிருந்தும் வரவில்லை. ஆள்கள் காயலுக்குள் மூழ்கி, அடியிலிருந்து கட்டியாக வெட்டி, மூச்சு முட்ட மேலே கொண்டுவந்து வள்ளத்தில் போட்டார்கள். பெரும்பாலும் புலையர் சமூகத்து மக்கள் செய்த வேலை அது. கரை முடிந்த பிறகு உள்ளே நிற்கும் தண்ணீரை இறைக்க மரச்சக்கரம். பெரிய சக்கரங்களில் இருபத்துநான்கு இலைகள் வரை இருக்கும். ஆள்கள் மேலே வரிசையாக உட்கார்ந்து இரவும் பகலும் காலால் மிதிப்பார்கள். கரையில் உடைப்பு எடுத்து அடைபடாமல் போனபோது உழைப்பாளி ஒருவரையே மண்ணோடு புதைத்து அடைத்தார்கள் என்ற வாய்மொழிக் கதைகளை அங்கே இன்றும் கேட்கலாம். நம் கண்மாய்க் கரைகளில் பலிகொடுக்கப்பட்டவர்களைத் தெய்வமாக்கிக் கும்பிடும் நமக்கு அந்தக் கதை புதிதல்ல.

பின்னாளில் சக்கரத்தின் இடத்துக்குப் பெட்டியும் பறையும் வந்தன. பறை என்பது நட்டுக்குத்தாக நிற்கும் மரப்பீப்பாய். அதற்குள் சுழலும் விசிறி தண்ணீரை மேலே தூக்க, பெட்டி என்கிற மரக்குழாய் வழியாக அது கரைக்கு வெளியே கொட்டும். நூறு ஆண்டுப் பழைய அமைப்பு. நான் பார்த்த இடத்தில் மின்மோட்டார் ஒன்றைக் கோத்து இன்றும் ஓட்டுகிறார்கள். பாடசேகரம் என்று அவர்கள் அழைப்பது, ஒரே கரைக்குள் அடங்கிய வயல்தொகுதி. அதிலுள்ள அத்தனை பேரும் சேர்ந்துதான் இறைக்க முடியும், சேர்ந்துதான் விதைக்க முடியும். ஒருவர் மட்டும் தள்ளிப்போட முடியாது. இந்த முறையை உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது.

1970-களில் நில உச்சவரம்பு வந்து, பெரிய காயல்களில் பலவற்றை அரசு எடுத்து விவசாயத் தொழிலாளர்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தது. கூட்டாக இறைக்க வேண்டிய நிலத்தைத் துண்டாக்கினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை போலும். ராணி, சித்திரைக் காயல்கள் பல ஆண்டுகள் தரிசாகவே கிடந்து, பிறகுதான் மறுபடி விளைச்சலுக்கு வந்தன. இன்று அங்கே வயல் வைத்திருப்பவர்களில் கட்டி வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். 'கேரளா தண்ணீர் தர மறுக்கிறது' என்று நாம் முழங்கும்போது எதிரே இவர்களும் நிற்கிறார்கள் என்பது எனக்கு முன்பு தெரியாது.

இனி உப்புக்கு வருகிறேன். மடலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நான்காம் நாள் மாலை அந்தப் பெரியவர் கரையோரம் குனிந்து, வாய்க்கால் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். வேலையை முடித்துக் களைத்துவந்த மனிதர் வாய் கொப்பளிக்கிறார் என்றுதான் நினைத்தேன். "வந்துவிட்டது மோனே" என்றார். நானும் தொட்டு நாக்கில் வைத்தேன். மிக இலேசான கரிப்பு, நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைவிடக் குறைவு. ஆனால் கதிர் முற்றாத வயல் இன்னும் இரண்டு அந்தப் பாடசேகரத்தில் இருந்தன. அவர் கவலை அவற்றைப் பற்றியது. பம்பையிலும் அச்சன்கோவிலிலும் ஓட்டம் வலுவாக இருக்கும்வரை கடல் கொச்சி முகத்துவாரத்துப் பக்கமே நிற்கும். ஆறு இளைத்தால் ஒவ்வொரு கடல் ஏற்றத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறிவரும். மாசியிலிருந்து சித்திரை வரை ஆறு இளைக்கும் காலம். நெல் பால்பிடித்து முற்றுவதும் அப்போதுதான்.

நாம் வீண் என்று எழுதியிருக்கும் தண்ணீர் செய்யும் வேலை இதுதான். அது கடலில் கலக்கப் போகவில்லை; கடலை வெளியே நிறுத்தப் போகிறது. காவிரிக் கடைமடையில் நாகப்பட்டினம் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால், ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளில் நிலத்தடியில் கடல் எவ்வளவு தூரம் ஏறியது என்று அவர்களும் சொல்வார்கள். காவிரி கடலில் சேர்வதை வீண் என்று மேல்படுகையில் யாராவது சொன்னால் நாம் கொதிக்கிறோம். பம்பைக்கு மட்டும் வேறு நியாயம் வைத்திருக்கிறோம்.

மனிதர் கைவைத்து ஆற்றையும் கடலையும் திருத்தினால் என்ன விளையும் என்பதற்குக் குட்டநாடே சான்று. பம்பை, அச்சன்கோவில், மணிமலை ஆறுகளின் வெள்ளம் காயலைச் சுற்றிப் போகாமல் நேரே கடலில் விழட்டும் என்று 1955-இல் தோட்டப்பள்ளியில் 40 மதகுகளோடு ஒரு கலுங்கு கட்டினார்கள். திட்டமிட்ட வெள்ளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அதில் வெளியேறுகிறது. அதற்குப் போகும் கால்வாய் போதிய அகலமில்லை. கடலின் அலை வாயில் மணலைக் கொண்டுவந்து அடைக்கிறது. பிறகு உப்பைத் தடுக்கக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை எழுப்பினார்கள். 1970-களின் நடுவில் அது பயன்பாட்டுக்கு வந்தது. மார்கழித் தொடக்கத்திலிருந்து பங்குனித் தொடக்கம் வரை மதகுகளை மூடிவைப்பது ஏற்பாடு. அறுப்பு பிந்தினால் திறப்பும் பிந்தும்.

தடுப்பணை உப்பைப் பெருமளவு நிறுத்தியது. கூடவே கடலின் ஏற்ற இறக்கத்தையும் நிறுத்தியது. தேங்கிய தண்ணீரில் உரமும் பூச்சிமருந்தும் வீட்டுக் கழிவும் தங்கின. ஆகாயத்தாமரை காயலை மூடியது. ஆற்றுக் கொஞ்சு என்று அவர்கள் சொல்லும் பெரிய இறால் நன்னீரில் வளர்ந்து, குஞ்சு பொரிக்க உவர்நீருக்குப் போக வேண்டிய உயிர்; அதன் வழி அடைபட்டது. மதகைத் திற என்று மீனவர்களும், திறக்காதே என்று விவசாயிகளும் ஒவ்வோர் ஆண்டும் மோதிக்கொள்கிறார்கள். வேம்பநாட்டுக் காயலின் பரப்பு 1830-களில் இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒரே நேரத்தில் குட்டநாடு முழுவதையும் காலி செய்ய வேண்டியிருந்தது, தண்ணீர் போய் நிற்க இடமில்லை.

கும்பகோணத்தில் பிறந்து, குட்டநாட்டின் மங்கொம்பைப் பூர்வீகமாகக் கொண்ட எம்.எஸ். சுவாமிநாதனின் சென்னை ஆராய்ச்சி நிறுவனம்தான் 2007-இல் குட்டநாட்டின் மீட்சிக்கான அறிக்கையை எழுதியது. 1,840 கோடி ரூபாய்க்கு ஒன்றிய அரசு அதற்கு ஒப்புதலும் கொடுத்தது. அங்கே பரவலாக விதைக்கும் உமா நெல்கூட அதே மங்கொம்பு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதுதான். பணமும் அறிவும் செலவழித்து இன்னும் சரிசெய்து முடியாத இடம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதன் தலைமாட்டில் இன்னொரு மாற்றத்தைச் செய்யச் சொல்லித்தான் நாம் மனு எழுதுகிறோம்.

உங்களில் சிலர் எழுப்பக்கூடிய கேள்விகள் எனக்குத் தெரியும். பெரியாற்றுத் தண்ணீர் வரவில்லையா, தேனியும் மதுரையும் வாழவில்லையா என்பீர்கள். அது 1895-இலிருந்து ஓடிவரும் தண்ணீர். அதன்மேல் நமக்கு உள்ள உரிமை ஒப்பந்தத்தால் வந்தது. அதைப் பற்றிய வழக்கு தனி. இந்த மடலை அதற்கு எதிராக யாரும் படிக்க வேண்டாம். புதிதாக ஓர் ஆற்றிலிருந்து கேட்கும்போது கேட்கிறவர் காட்ட வேண்டிய கணக்கைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மழைக்கால வெள்ளத்தைத்தானே கேட்கிறோம், கோடைத் தண்ணீரை அல்லவே என்ற கேள்வி கனமானது. ஆனி ஆடியில் அவர்களுக்கே தண்ணீர் மிகை என்பது உண்மை. அந்தப் பெரியவரிடம் கேட்டால் ஆகஸ்ட் வெள்ளத்தில் பாதியைத் தலையில் சுமந்துவந்து நம் கண்மாயில் கொட்டிவிட்டுப் போவார். ஆனால் வெள்ளமும் சும்மா வருவதில்லை. கோடையில் ஏறிய உப்பையும், கரி நிலத்தில் ஊறிய அமிலத்தையும் அதுதான் கழுவுகிறது; வயலுக்கு வண்டல் கொண்டுவருவதும் அதுதான். அணை கட்டிய பிறகு எந்த மாதத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதை அணையின் சாவியை வைத்திருப்பவர் தீர்மானிப்பார். பம்பையில் இது ஏற்கெனவே நடக்கிறது: 1966-இல் தொடங்கிய சபரிகிரி மின்நிலையம் விடும் தண்ணீரைப் பெரிதும் நம்பித்தான் கோடையில் பம்பை ஓடுகிறது. உப்பைத் தடுக்கக் கோடையில் கொஞ்சம் தண்ணீரைக் கீழே விடுவோம் என்று இணைப்புத் திட்டமும் சொல்கிறது. அப்படியானால் திட்டம் எழுதியவர்களுக்கே அது வீணான தண்ணீர் அல்ல என்று தெரிந்திருக்கிறது. நம் மனுவை எழுதியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

கேரளச் சட்டமன்றம் இந்தத் திட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருக்கிறது. அதை வெறும் அரசியல் என்று ஒதுக்கிவிட நமக்கு வசதியாக இருக்கிறது. அரசியலும் இருக்கும்தான். ஆனால் உப்புத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில், அதில் அரசியல் மட்டுமே இருப்பதாக நான் ஒப்ப மாட்டேன்.

எனவே சங்கங்களுக்கு என் கோரிக்கை இது. இரண்டாம் பத்தியிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் இப்படிக் கேட்போம்: மார்கழி முதல் சித்திரை வரை உப்பைத் தண்ணீர்முக்கத்துக்கு வடக்கே நிறுத்திவைக்கப் பம்பையிலும் அச்சன்கோவிலிலும் எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்பதையும், கரி நிலத்தைக் கழுவ ஆனி, ஆடியில் எவ்வளவு வேண்டும் என்பதையும் இரு மாநிலப் பொறியாளர்களும் குட்டநாட்டுப் பாடசேகரக் குழுக்களும் சேர்ந்து சில ஆண்டுகள் அளந்து, தினக் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அந்த அளவுக்கு மேல் மிஞ்சுவது இருந்தால் அதைப் பற்றிப் பேசுவோம். 1995-ஆம் ஆண்டு அறிக்கையின் எண்கள் 2018 வெள்ளத்துக்கும் அதன் பின் வந்த வறட்சிகளுக்கும் முந்தியவை. அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு இனியும் வாதாட முடியாது.

மனுவில் இன்னொரு பத்தியும் சேர்க்கக் கேட்கிறேன். 22 டி.எம்.சி. நாளைக்கே வந்தாலும் அது நிற்க நம் படுகையில் இடமில்லை. வரத்துக்கால்கள் ஆக்கிரமிப்பில் இருக்கின்றன. உள்வாயில் சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது. எங்கள் கண்மாயின் நடுமடை அடைபட்டு எத்தனை ஆண்டுகள் என்று ஊரில் யாருக்கும் சரியாக நினைவில்லை. முன்பு மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தார். அவர் காலமான பிறகு அந்தப் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. குட்டநாட்டுக்காரர்கள் ஒரே கரைக்குள் இருக்கும் நூறு பேரும் கணக்குப் பார்த்துப் பங்குபோட்டு இறைக்கிறார்கள். நாம் ஒரு மடையைத் தூர்வார ஊராட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் மனுவில் இது இடம்பெற வேண்டும்.

இந்த இரண்டு திருத்தங்களோடு மனு வந்தால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். வரும் பங்குனியில் சித்தப்பா மகன் மறுபடியும் இயந்திரத்தோடு போகிறான். லாரியில் இரண்டு பேருக்கு இடமிருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். நிர்வாகிகளில் யாராவது வருவதாக இருந்தால் மாசி முடிவதற்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வைப்பாற்றுக் கரை மானாவாரி விவசாயி ஒருவர்